பட்டை கட்டுவதா, இன்னும் சில நாள் கீழேயே தங்குவதா?

கேள்வி இதுதான். நீலகிரி மலையில் மஞ்சூர் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். அப்பாவுக்கு 63 வயது. பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலையும் மிச்சமுள்ள பெருங்குடலையும் இணைத்திருக்கிறார்கள். இன்று இரண்டாம் நாள். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். கூடவே ஒரு ‘பேக்கேஜ்’ சொல்கிறார்கள்: கையில் ஒரு பட்டை கட்டி அனுப்புவார்கள், 15 நாளைக்கு நாடித்துடிப்பு, ஆக்சிஜன், உடல் சூடு எல்லாம் செல்போன் வழியாக அவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும், கட்டணம் 18,000 ரூபாய். “சிக்கலை முன்கூட்டியே கண்டுபிடித்தால் பின்னால் லட்சக்கணக்கில் மிச்சம் என்கிறார்கள். உண்மையா? எடுக்கலாமா?” என்று தம்பி கேட்டிருக்கிறார். மலைக்குக் கீழே காரமடையில் சித்தி வீடு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு சின்னக் கேள்வி: வீட்டுக்குத் திரும்பும்போது கெத்தை வழியா, குன்னூர் வழியா?

நான் டாக்டர் இல்லை. நீலகிரியில் 27 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் 19 வருடம் அறுவை சிகிச்சை வார்டு. கடைசி எட்டு வருடம் எந்த ஆபரேஷனுக்கு எத்தனை நாள் தங்கினார்கள், என்ன சிக்கல் வந்தது, எவ்வளவு செலவானது என்று ஃபைல்களைப் புரட்டிக் கணக்குப் பார்க்கும் வேலை. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். அப்பாவின் உடம்பைப் பற்றிய முடிவு அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டருடையது.

சுருக்கமாகக் கேட்டால்: அந்த 18,000 ரூபாயைப் பட்டைக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். அதில் பாதிக்கும் குறைவான காசுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு சூழ்நிலையில் பட்டையும் பிரயோஜனம்தான். அதையும் சொல்கிறேன்.

முதலில் எதற்காக இவ்வளவு பயம் என்று பார்ப்போம். குடலை வெட்டி இணைத்த இடம் சில பேருக்கு ஒட்டாமல் கசியும். டாக்டர்கள் ‘லீக்’ என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்த அதே வகை ஆபரேஷனை 2015-ல் பல நாட்டு மருத்துவமனைகளில் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். 3,208 பேரில் 8.1 சதவீதம் பேருக்குக் கசிந்திருந்தது. அதாவது நூற்றில் 92 பேர் இதைப் பற்றி யோசிக்காமலே தப்பிக்கிறார்கள். மீதி எட்டுப் பேருக்கு மலம் கலந்த நீர் வயிற்றுக்குள் பரவும். பெரும்பாலும் முதல் வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் வெளிப்படும். அதற்குப் பின் வருவதும் உண்டு. ஆரம்பத்திலேயே பிடித்தால் சில பேருக்கு ஆன்டிபயாடிக்கும், ஸ்கேன் பார்த்து ஊசி வழியாக வைக்கிற ஒரு குழாயும் போதும். விட்டுவிட்டால் மறுபடி வயிற்றைத் திறந்து, குடலை வெளியே கொண்டுவந்து பை வைத்து, ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும்.

செலவு எப்படி ஏறும் என்பதற்கு ஜூரிக்கில் 1,200 நோயாளிகளை வைத்துப் போட்ட ஒரு கணக்கு உண்டு. 2011-ல் வந்தது. பெரிய ஆபரேஷன் முடிந்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனவருக்குச் சராசரியாக 28,000 டாலர் ஆனது. உறுப்புகள் செயலிழந்து ஐ.சி.யூ. வரை போனவருக்கு 1,59,000 டாலர். ஐந்து மடங்குக்கு மேல். டாலரை விடுங்கள், அந்த மடங்கைப் பாருங்கள். நம் ஊர் பில்லிலும் அப்படித்தான் ஏறும். மருத்துவமனைக்காரர் ‘லட்சக்கணக்கில் மிச்சம்’ என்று சொல்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். அதில் பொய் இல்லை. கண்டுபிடித்த உடனே அந்த மிச்சம் தானாகக் கைக்கு வந்துவிடும் என்பது போலப் பேசுகிறார்களே, அங்கேதான் இடறுகிறது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பல வருடம் ஆயிற்று. மலைமேல் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் ஆகி நான்காம் நாள். நைட் டியூட்டிக்குப் போய்ச் சார்ட்டைப் பார்க்கிறேன். நாடித்துடிப்பு முந்தின நாள் காலை 88, மாலை 96, இன்று காலை 104, மாலை 112. மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் மட்டும் 20, 20, 20, 20. அந்த 20-ஐப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். 32. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். இதயமாக இருக்கலாம் என்று இ.சி.ஜி. எடுத்தார், மாத்திரை எழுதினார், காலையில் சர்ஜன் பார்க்கட்டும் என்றார். லீக் ஆகும்போது முதலில் இதயக் கோளாறு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வருவது புதிதல்ல, பல பேர் அதில் ஏமாந்திருக்கிறார்கள். சர்ஜன் ஒன்பது மணிக்கு வந்து வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்ப மதியம் ஆனது. மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து கிடந்தது. கோயம்புத்தூர் போய்ச் சேர சாயங்காலம்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். 19 நாள் ஐ.சி.யூ., வயிற்றில் பை. ஆனால் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறு. அந்த எண்கள் ஒன்றரை நாளாகத் தாளில் ஏறிக்கொண்டே இருந்தன. மிஷின் இல்லாத குறை அங்கே இல்லை. எண்ணைப் பார்த்ததும் யார் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எத்தனை மணி நேரத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. உங்கள் அப்பா கையில் அந்தப் பட்டையைக் கட்டி அனுப்பினால், ஏறும் எண்ணை அது இன்னும் அழகாகக் காட்டும். அதற்கப்புறம்?

இது என் சொந்த ஆதங்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 84,730 ஆபரேஷன்களை அலசி 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. சாவு குறைவாக இருந்த மருத்துவமனைகளில் சிக்கல் வந்தவர்கள் 26.9 சதவீதம், சாவு அதிகமாக இருந்த இடங்களில் 24.6 சதவீதம். கவனியுங்கள், நல்ல மருத்துவமனையில் சிக்கல் ஒரு துளி கூடுதல்! வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பெரிய சிக்கல் வந்தவர்களில் நல்ல இடத்தில் 12.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்ற இடத்தில் 21.4 சதவீதம். சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. வந்த ஆளை மீட்பதில்தான் ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொன்றுக்கும் தூரம்.

இன்னும் இரண்டு பெரிய சோதனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஒன்று ஆப்பிரிக்காவில், 28,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2021-ல் வெளிவந்தது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கண்காணிப்பைக் கூட்டினார்கள். நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் கட்டில், அடிக்கடி நாடி பார்ப்பது, குடும்பத்தில் ஒருவர் கூடவே இருக்க அனுமதி, கட்டிலருகே என்ன கவனிக்க வேண்டும் என்று ஒரு தாள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் இறப்பு குறையவில்லை. இன்னொன்று நெதர்லாந்தில், கணைய ஆபரேஷன் செய்துகொண்ட 1,748 பேரை வைத்து நடந்து 2022-ல் வெளிவந்தது. அங்கே தினமும் உடல்நிலையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தார்கள். இந்த அளவைத் தாண்டினால் ஸ்கேன், ஸ்கேனில் இது தெரிந்தால் குழாய், இந்த நாளில் ஆன்டிபயாடிக் என்று அடுத்த படி முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பெரிய ரத்தப்போக்கு, உறுப்பு செயலிழப்பு, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 14 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது. 90 நாள் மரணம் மட்டும் 5-லிருந்து 3 சதவீதம். நெதர்லாந்து பணக்கார நாடு, ஸ்கேன் எந்நேரமும் கிடைக்கும் என்பதும் உண்மைதான். அதுவே என் வாதத்துக்கும் வலு. பார்ப்பதற்குப் பின்னால் செய்வதற்கு வழி இருந்தது.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். தம்பி, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு உடனடியாக உதவும் பரிசோதனை ஒன்று இதற்குள் இருக்கிறது.

ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு புரதம். உடம்பில் எங்காவது வீக்கமோ கிருமியோ இருந்தால் ஏறும். ஆபரேஷன் செய்தாலே ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும். இறங்காமல் நின்றால் சந்தேகம். 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் லிட்டருக்கு மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 மி.கி. என்று எல்லை போட்டார்கள். எல்லைக்குக் கீழே இருந்தால் லீக் இல்லை என்று 97 சதவீதம் நம்பலாம். மேலே இருந்தால் லீக் இருக்கிறது என்பதற்கு 21 முதல் 23 சதவீதம்தான் வாய்ப்பு. அதாவது இந்தப் பரிசோதனை ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்வதில் கெட்டி, ‘ஆபத்து’ என்று சொல்வதில் சொதப்பல்.

உங்கள் அப்பா மாதிரி 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கு லீக். சி.ஆர்.பி. 28 பேரைச் சந்தேகப்படும். அதில் ஆறு பேர் நிஜம், 22 பேர் வீண் பயம். மீதி 72 பேரை விடுவிக்கும், அதில் இரண்டு பேர் கண்ணில் படாமல் தப்பிய லீக். விலைகளை நான் உத்தேசமாகப் போடுகிறேன், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஆளுக்கு இரண்டு முறை, தலா 400 ரூபாய் என்றால் நூறு பேருக்கு 80,000. சந்தேகப்பட்ட 28 பேருக்கும் 6,000 ரூபாயில் சி.டி. ஸ்கேன் என்றால் 1,68,000. ஆக 2,48,000 ரூபாய் செலவு. வரவு என்ன? பிடிபட்ட ஆறு பேரில் மூன்று பேரை நல்ல நர்ஸும் சர்ஜனும் பரிசோதனை இல்லாமலே அதே நேரத்தில் பிடித்திருப்பார்கள் என்று வைப்போம். விளம்பரத்தில் இந்த மூன்று பேரையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள், ஜாக்கிரதை. மீதி மூன்று பேருக்குச் சீக்கிரம் பிடித்ததால் ஆளுக்கு இரண்டு லட்சம் மிச்சம் என்றால் ஆறு லட்சம். செலவு போக மூன்றரை லட்சம் லாபம்.

இதே பரிசோதனையைப் பித்தப்பை ஆபரேஷனுக்குப் பின் எல்லோருக்கும் செய்யுங்கள். பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கு என்று வைத்தால், 25 பேருக்கு ஸ்கேன் எடுத்து ஒரே ஒருவரைப் பிடிப்பீர்கள். செலவு 2,30,000, வரவு அதிகபட்சம் இரண்டு லட்சம். நஷ்டம். அதே ரத்தம், அதே குழாய், அதே மிஷின். ஆபரேஷன் மாறினதும் கணக்கு தலைகீழ். ‘முன்கூட்டியே கண்டறிதல் லாபமா’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. யாருக்கு, எதற்குப் பின், எந்த நாளில் என்று கேட்டால்தான் உண்டு.

காசு மிச்சமாகாவிட்டால் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த 2,48,000 ரூபாய் ஒரு பைசாவும் திரும்பி வரவில்லை, ஆனால் நூறில் ஒரு உயிர் தப்பியது, அவர் இன்னும் எட்டு வருடம் நன்றாக இருந்தார் என்றால், வருடத்துக்கு 31,000 ரூபாய் விலை. மருத்துவத் தொழில்நுட்பங்களை எடைபோட 2017-ல் மத்திய அரசு ஏற்படுத்திய அமைப்பு, ஒரு நல்ல வருட வாழ்க்கைக்கு நாட்டின் தனிநபர் ஆண்டு உற்பத்தி (ஜி.டி.பி.) அளவு வரை செலவழிக்கலாம் என்பதை உரைகல்லாக வைக்கிறது. அது இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல். ‘மிச்சம்’ வேறு, ‘கொடுத்த காசுக்குத் தகுந்த பலன்’ வேறு. விற்க வருகிறவர்கள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்கள்.

அடுத்து, யாருடைய கணக்கு? இதில்தான் மலைக்காரர்கள் எப்போதும் விடுபட்டுப் போகிறோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம், வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை) ஆபரேஷன் பில்லின் பெரும்பகுதி உங்கள் தலையில் விழாது. ஆனால் ராத்திரி ஜீப் வாடகை, கூட இருப்பவரின் சாப்பாடு, பறிக்காமல் முற்றிப்போன ஒரு சுற்றுக் கொழுந்து, லீவு போட்ட மகனின் சம்பளம், இதெல்லாம் எந்த ஆய்விலும் எந்த பில்லிலும் வராது. நான் சொன்ன அந்த எஸ்டேட் அம்மாவின் வீட்டுக்காரர் பிறகு ஒருநாள் வந்தார். ஆஸ்பத்திரி செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது, மற்றதுக்குத் தாலிக்கொடியை வைத்தேன் என்றார். எங்கள் ரிஜிஸ்டரில் அந்த கேஸுக்கு ‘குடும்பச் செலவு: இல்லை’ என்று இருந்தது. எழுதியது நான்தான்.

வீண் பயத்துக்கும் மலையில் விலை அதிகம். இன்னொரு ராத்திரி, ஹெர்னியா ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர். நாடித்துடிப்பு 120, வயிறு வலி, வேர்த்துக் கொட்டுகிறது. முந்தின அனுபவத்தில் சூடுபட்ட பூனை நான், விடாப்பிடியாக நின்று கீழே அனுப்ப வைத்தேன். மேகம் இறங்கிய மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து போய், ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் ஒன்றும் இல்லை. சிறுநீர் கட்டியிருந்தது. ஒரு ட்யூப் போட்டதும் ஒன்றே கால் லிட்டர் வந்தது, மனிதர் எழுந்து காபி கேட்டார். அடிவயிற்றில் நான் கை வைத்துப் பார்த்திருந்தால் போதும். அந்தச் சர்ஜன் அப்புறம் ஆறு மாதம் என்னை ‘ஆம்புலன்ஸ் சிஸ்டர்’ என்றே கூப்பிட்டார்.

பட்டையில் எனக்கு இருக்கும் இரண்டாவது சந்தேகம் உயரம் சம்பந்தப்பட்டது. பல மருத்துவமனைகளில் ‘நியூஸ்’ என்ற மதிப்பெண் முறையைப் பின்பற்றுகிறார்கள். பிரிட்டனில் 2012-ல் வந்தது, 2017-ல் திருத்தினார்கள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, சூடு, நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். அதில் ஆக்சிஜன் 96-ம் அதற்கு மேலும் இருந்தால் பூஜ்யம், 94–95 என்றால் ஒன்று, 92–93 என்றால் இரண்டு, 91-ம் அதற்குக் கீழும் என்றால் மூன்று. கடல்மட்டத்து மனிதனுக்காகப் போட்ட அளவு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். நல்லா இருக்கிற ஆளுக்கே 94, 95 காட்டும். மஞ்சூரும் அந்த உயரத்துக்கு ரொம்பக் கீழே இல்லை. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி இன்னும் குறைத்துக் காட்டும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து 95-க்குக் கீழே போனால் மணி அடி என்று வைத்திருந்தால், உங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க மணி அடிக்கும். மூன்றாம் நாள் நீங்களே கழற்றி வைத்துவிடுவீர்கள். ஊரிலிருக்கும்போது அப்பாவின் ஆக்சிஜன் அளவு என்ன என்று யாராவது கேட்டு எழுதிக்கொண்டார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

இதைக் கூடலூர், பந்தலூர்க்காரர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் கோளாறு முதன்முதலில் பதிவானதே நீலகிரி பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். அது உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் குளிரும், தண்ணீர் குறைவதும், ஆக்சிஜன் இறங்குவதும் தனி ஆபத்து. அந்த நோயே கடும் வயிற்று வலியாக வந்து லீக் போல ஏமாற்றவும் செய்யும். முன்பே பரிசோதித்து ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. தையல் சிவந்திருக்கிறதா, கஞ்சி குடிக்கிறாரா என்று வாசலில் வந்து பார்க்கிற, தெரிந்த முகம். எந்தப் பட்டையும் அந்த வேலையைச் செய்யாது.

போன் வழியாகக் கவனிப்பதே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எடின்பரோவில் அவசர வயிற்று ஆபரேஷன் ஆன 492 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பிரிவினர் தையல் காயத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினார்கள். சராசரி நாள் கணக்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் முதல் ஏழு நாளுக்குள் சீழ் பிடித்ததைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. காயத்துக்கு அது போதும், அதற்குப் பட்டை வேண்டாம், உங்கள் போனே போதும். சீழைப் பிடிப்பதைவிட வராமல் தடுப்பது இன்னும் மலிவு. வயிற்றை மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினாலே தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைகிறது என்று இந்தியா உள்பட ஏழு நாட்டில் 13,301 பேரிடம் செய்த சோதனை 2022-ல் காட்டியது. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. எனக்குப் பிடித்த ஆய்வு என்பதால் சொன்னேன்.

மருத்துவமனைக்காரர் ஏதாவது புள்ளிவிவரம் காட்டினால் ஒன்று கவனியுங்கள். நிறையத் தேடினால் நிறையக் கிடைக்கும். நல்ல கண்காணிப்பு வந்த வருடம் சிக்கல் எண்ணிக்கை கூடியே தெரியும். அதனால் ‘எத்தனை கண்டுபிடித்தோம்’ என்பதைக் கேட்காதீர்கள். ‘எத்தனை பேர் மறுபடி ஆபரேஷனுக்குப் போனார்கள், முதல் 30 நாளில் எத்தனை நாள் வீட்டில் இருந்தார்கள்’ என்று கேளுங்கள். இந்த இரண்டாவது அளவை இப்போது ஆய்வாளர்களே பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி. மஞ்சூர்க் கிழவருக்கும் ஜூரிக் கிழவருக்கும் ஒரே மாதிரி அர்த்தம் தருகிற எண் அது ஒன்றுதான்.

இனி உங்கள் விஷயம். நாளையும் நாளை மறுநாளும் சி.ஆர்.பி. பார்ப்பீர்களா என்று சர்ஜனிடம் கேளுங்கள். பார்த்தால் எண்ணை எழுதி வாங்குங்கள். இறங்கிக்கொண்டிருந்தால், சாப்பிட்டால், வாயு பிரிந்தால், டிஸ்சார்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் நேராக மஞ்சூர் போகாதீர்கள். பத்தாம் நாள் வரை காரமடையில் சித்தி வீட்டில் இருங்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம். மஞ்சூரிலிருந்து பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல், ராத்திரி என்றால் விடிந்த பிறகுதான். பட்டை உங்களுக்கு ஒரு எச்சரிக்கையைச் சில மணி நேரம் முன்னால் தரலாம். சித்தி வீடு அந்த மணி நேரத்தை உறுதியாகவே தருகிறது, வாடகை இல்லாமல்.

காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று வேளை நாடியையும் மூச்சையும் ஒரு நிமிஷம் முழுசாக எண்ணி நோட்டில் எழுதுங்கள். மூச்சை எண்ணுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மாறும். நாடி பார்ப்பது போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். படுத்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல், அல்லது மூச்சு 20-க்கு மேல் போய் இறங்காவிட்டால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், வயிறு உப்பி வாந்தி எடுத்தால், நேற்று கேட்டுச் சாப்பிட்டவர் இன்று சோற்றைத் தள்ளினால், பேச்சு தடுமாறினால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிறுநீர் போனதா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அப்படியே. புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க நான்கு வாரம் வரை ஊசி போடுவது உண்டு. அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பட்டை எப்போது பிரயோஜனம் என்றேன் அல்லவா? மருத்துவமனையில் மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் யார் பார்ப்பார், அவர் டாக்டரா, கால் சென்டரா? அவர் சொன்னால் அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல் நேராக அட்மிஷன் உண்டா? ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-ல் திறந்திருக்கிறது. மலையில் இருக்கும்போது அவசரம் என்றால் அங்கே இருக்கும் சர்ஜனோடு போனில் பேசி முதல் சிகிச்சையை அங்கேயே தொடங்க உங்கள் டாக்டர் தயாரா? மூன்றுக்கும் பெயரும் போன் நம்பருமாகப் பதில் வந்தால், சித்தி வீட்டில் தங்க வழியில்லாத குடும்பத்துக்கு 18,000 கொடுக்கலாம். ‘எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும்’ என்று பதில் வந்தால் காசைப் பத்திரமாக வையுங்கள்.

வழியைப் பற்றிக் கேட்டீர்கள். காரமடையிலிருந்து கெத்தை வழி கிட்டம்தான், ஆனால் 43 கொண்டை ஊசி வளைவு, போன் சிக்னல் இல்லாத காடு, யானை குறுக்கே நின்றால் அது நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டும். குன்னூர் வழியே வாருங்கள், சுற்றானாலும் வழிநெடுக ஊரும் ஆஸ்பத்திரியும் உண்டு. காலை எட்டு மணிக்கு முன் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட்டால் டூரிஸ்ட் நெரிசலும் இருக்காது. முன் சீட்டில் உட்கார வையுங்கள், மணிக்கு ஒருமுறை இறக்கி நடக்க விடுங்கள், சீட் பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வையுங்கள்.